மூன்றாம் பெட்டி காலி

நாள் 602. காலை 07:10. முதன்மைத் தளம், கலிஸ்டோ.

உள்ளழுத்தம் சரி. பிராணவாயு உற்பத்தி சரி. வெளியே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 139. தக்காளிச் செடிகளில் ஒன்று வாடுகிறது. வியாழன் எப்போதும் நிற்கும் இடத்திலேயே நிற்கிறது.

இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் சரி: என் பெயர் தமயந்தி. வயது நாற்பத்து நான்கு. வியாழனின் இந்தத் துணைக்கோளில் மூன்று பேர் இருக்கிறோம். தளத் தலைவர் எட்வின் மச்சாது, தூத்துக்குடிக்காரர். பனியைத் துளைத்து அடியில் இருக்கும் கடலைத் தேடுவது அவர் வேலை. தளத்தின் மென்பொருள் என் பொறுப்பு. மூன்றாவது ஆள் நீலவேணி, கம்பத்துப் பெண், இருபத்தொன்பது வயது. நான்கு மாதம் முன்பு வந்த கலத்தில் இறங்கினாள். அவளும் மென்பொருள் படித்தவள்.

ஒரு தளத்துக்கு எதற்கு இரண்டு மென்பொருள்காரர்கள் என்று தரைக்கட்டுப்பாட்டைக் கேட்டேன். "ஒருத்தர் படுத்துட்டா இன்னொருத்தர் வேணுமில்ல, மேடம்?" என்று பதில் வந்தது. இருபது மாதத்தில் நான் ஒரு நாளும் படுத்ததில்லை.

அவள் என்னை அக்கா என்கிறாள். பெயர் சொல்லிக் கூப்பிடு என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன். "சரிக்கா" என்றாள்.

நாள் 604. மாலை 18:30.

எல்லாம் சரி. ஒன்றைத் தவிர.

காற்றைப் பங்கிடும் நிரலில் 'ஆட்கள்' என்று ஓர் அர்ரே உண்டு. எண் போட்ட பெட்டிகளின் வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் பெட்டி எனக்கு, இரண்டாவது எட்வினுக்கு, மூன்றாவது நீலவேணிக்கு. மார்பில் ஒட்டியிருக்கும் வில்லை நாடித்துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த எண் அவரவர் பெட்டியில் வந்து விழும். ஓர் அறைக்குக் காற்றைத் திறக்கும் முன் நிரல் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இந்த ஆள் இருக்கிறாரா?

அதை இரண்டு விதமாகக் கேட்கலாம். பெட்டி இருக்கிறதா என்று கேட்கலாம். பெட்டிக்குள் எண் இருக்கிறதா என்றும் கேட்கலாம். நான் எழுதியது பதினோரு வரி. முதலில் பெட்டியைத் தேடும். பெட்டி இருந்து உள்ளே காலியாக இருந்தால், ஆள் இருக்கிறார், செய்திதான் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளும். காற்றைத் திறந்தே வைத்து மணி அடிக்கும்.

இதில் ஒரு தொல்லை இருந்தது உண்மை. பூமிக்குத் திரும்பிப் போனவர்களின் பெட்டிகள் அர்ரேயில் அப்படியே கிடந்தன. ஆளில்லாத மூன்று அறைகளுக்குக் காற்று போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெட்டிகளை நீக்க வேண்டும் என்று நானே நினைத்திருந்தேன்.

நீலவேணி பெட்டிகளை நீக்கவில்லை. என் பதினோரு வரியை எடுத்துவிட்டு ஒரே வரி எழுதினாள். அது பெட்டியைத் தேடுவதே இல்லை. உள்ளே இருப்பதை மட்டும் பார்க்கிறது. உள்ளே காலி என்றாலும் பூஜ்யம் என்றாலும் அப்படி ஓர் ஆளே கிடையாது என்று முடிவு கட்டிவிடும். தொல்லை தீர்ந்தது. காற்றும் மிச்சமானது.

தரைக்கட்டுப்பாட்டிலிருந்து ஹமீது அனுப்பிய செய்தி: "பிரமாதம். பதினோரு வரி பண்ணின வேலைய ஒரு வரி பண்ணுது. சோதனை எல்லாம் பாஸ். நீலவேணிக்கு இங்க எல்லாரும் கைதட்டினோம். தமயந்தி மேடம், நீங்களும் ஒரு தடவ பாத்துக்கங்க."

பார்த்தேன். அழகான வரி. அதுதான் பொறுக்கவில்லை.

நாள் 607. பகல் 12:15.

தரைக்கு முறைப்படி ஆட்சேபம் அனுப்பினேன். வில்லையின் செய்தி வராமல் போனால் உயிரோடிருக்கும் ஆளை இந்த வரி இல்லை என்று சொல்லிவிடும் என்று எழுதினேன்.

ஹமீது பதில்: "மேடம், வில்லை இதுவரைக்கும் ஒரு தடவகூட நின்னதில்ல. நீங்க எழுதினத அவங்க சுருக்கிட்டாங்கன்னு வருத்தப்படாதீங்க. பெரிய மனசு பண்ணி விட்டுருங்க."

என் ஆட்சேபத்தை எடுத்து மறுபடி படித்தேன். ஐந்து பத்தி. வில்லையைப் பற்றி இரண்டு பத்தி. மீதி மூன்றும் நீலவேணியைப் பற்றி: அனுபவம் போதாது, கேட்காமல் கை வைக்கிறாள், சாப்பாட்டு மேசையில் நிரலைப் பற்றிச் சிரித்துப் பேசுகிறாள். இதைப் படிக்கிற எவரும் ஹமீது எழுதியதைத்தான் எழுதுவார்.

ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். வில்லையைப் பற்றிய இரண்டு பத்தியும் அதோடு போயின.

நாள் 611. மாலை 19:00.

அழுத்தம் சரி. காற்று சரி.

சனியின் துணைக்கோளான டைட்டனுக்குப் போகும் பயணத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். நீலவேணி. அந்தக் கலத்துக்காக ஒன்பது வருடம் காத்திருந்தவள் நான். அவள் விண்ணப்பித்தாள் என்பதே எனக்குத் தெரியாது.

செய்தி வந்தபோது எட்வின் துளைமுகாமுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். வானொலியில் அவர் குரல்: "எம்மா நீலா, கலக்கிட்ட போ. தமயந்தி, கேட்டியா? நம்ம புள்ள டைட்டனுக்குப் போவுது. இன்னைக்கு நான் பாயாசம் வைக்கேன்."

நம்ம புள்ள. இருபது மாதம் அவரோடு ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறேன். ஒரு தடவைகூட எனக்காக அவர் பாயாசம் வைத்ததில்லை. அதற்கு ஒரு காரணமும் அமையவில்லை என்பது வேறு விஷயம்.

பால்பொடியில் செய்த ஜவ்வரிசிப் பாயாசம். நன்றாக இருந்தது. இரண்டு கிண்ணம் குடித்தேன். அவளுக்கு வாழ்த்துச் சொன்னேன். அவள் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த இடம் வெகுநேரம் எரிந்தது.

நாள் 613. காலை 08:20.

எட்வினும் நீலவேணியும் துளைமுகாமுக்குக் கிளம்பினார்கள். திறந்த வண்டி, நாற்பது கிலோமீட்டர், இரண்டே கால் மணி நேரம். விண்வெளி உடையில் மூன்று மணி நேரக் காற்று கொள்ளும். முகாமில் இரண்டே இடம்தான்: துளையிடும் கூடாரம், சற்றுத் தள்ளி உறங்குவதற்கு ஒரு சிறிய அறை. அங்கே காற்றுத் தொட்டி இருக்கிறது. வால்வுகளைத் திறப்பதும் மூடுவதும் இங்கிருந்து என் நிரல்.

என் நிரல் என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன்.

தளத்தில் நான் தனியாக. அமைதி. வானொலியில் அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கும் சத்தம் கேட்கிறது. ஒலியைக் குறைத்துவிட்டேன்.

நாள் 614. காலை 10:52.

பனி அதிர்வு. தரை பக்கவாட்டில் இழுத்தது போல இருந்தது. இங்கே சேதமில்லை. முகாமின் தரவு ஆண்டெனா சாய்ந்துவிட்டது. இங்கிருந்து அனுப்பும் கட்டளை அங்கே போகிறது. அங்கிருந்து எதுவும் திரும்பி வரவில்லை. குரல் மட்டும் வேறு ஆண்டெனா வழியாக வருகிறது.

திரையில்: ஆட்கள் 1. முகாமில் ஆள் இல்லை. வால்வுகள் பத்து நிமிடத்தில் மூடப்படும்.

அந்த ஒருவர் நான்.

எட்வின்: "தமயந்தி, துளைக்கிற குழாய் சாஞ்சு காலு மேல விழுந்துட்டு. நான் நல்லாத்தான் இருக்கேன். காலுதான் சொல்லுத பேச்சைக் கேக்க மாட்டுக்கு. நீலா உறங்குத அறையில இருக்கா."

நாள் 614. காலை 11:09.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பழைய பதினோரு வரியைத் திரும்பப் போட முயன்றேன். அதற்கு எட்வினின் சாவி வேண்டும், அல்லது தரையின் அனுமதி வேண்டும். சாவி அவர் கழுத்தில். தரைக்குச் செய்தி போக முக்கால் மணி, வர முக்கால் மணி. அனுமதி கேட்டு அனுப்பினேன், ஆனால் பதிலுக்குக் காத்திருக்க நேரமில்லை.

இன்னொரு வழி உண்டு. மருத்துவர் பதிவு. பெட்டியில் நாடித்துடிப்பைக் கையால் எழுதலாம். பத்து நிமிடம் நிற்கும். பிறகு மறுபடி எழுத வேண்டும். எந்த நிரலும் அந்த வேலையைச் செய்ய முடியாதபடி பூட்டு இருக்கிறது. துடிப்பை ஒரு மனிதர் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்பது விதி.

இதற்குள் பத்து நிமிடத்தில் பெரும்பகுதி போய்விட்டது. இரண்டாம் பெட்டியில் 80 என்று அடித்தேன். கூடாரத்தின் வால்வு திறந்தே நின்றது.

மூன்றாம் பெட்டிக்குப் போனேன். விரல் 8-இன் மேல் இருந்தது.

நின்றேன்.

எதையும் தீர்மானிக்கவில்லை. அவள் சாகட்டும் என்று நினைக்கவில்லை, சத்தியமாக. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் பெட்டி: ஆள் இல்லை. எல்லோரும் கைதட்டிய வரி அவளையே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. பார்க்க நன்றாக இருந்தது. அவ்வளவுதான். பார்க்க நன்றாக இருந்தது.

பிறகு அடித்தேன். அதற்குள் உறங்கும் அறையின் வால்வு மூடிவிட்டது. திறக்கச் சொன்னேன். திறக்கவில்லை. குழாயில் இருந்த ஈரம் உறைந்து அதைப் பிடித்துக்கொண்டது.

இரண்டு பதிவுகளுக்கும் நடுவில் இருபத்தாறு விநாடி. இயந்திரம் எழுதி வைத்திருக்கிறது.

நீலவேணி: "அக்கா, இங்க காத்து நின்னுருச்சு. ஸ்ஸ்னு ஒரு சத்தம் வருமே, அது இல்ல. பாக்குறீங்களா?"

பார்க்கிறேன் என்றேன்.

நாள் 614. காலை 11:40.

உடையைப் போட்டுக்கொண்டு கூடாரத்துக்குப் போ என்று சொன்னேன். அவளுடைய வலது கையுறையின் பூட்டு உறைந்து இறுகியிருந்தது. அதைத் திறக்க உறையில்லாத விரலால் அந்த உலோகத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். அறை அதற்குள் குளிர்ந்துவிட்டது.

நீலவேணி: "போட்டுட்டேன்கா. விரல் மூணு மரத்துப் போச்சு. பரவாயில்ல. எட்வின் அண்ணன் எப்படி இருக்காரு?"

கூடாரத்துக்குப் போய், நெம்புகோல் கொடுத்துக் குழாயை அவர் காலிலிருந்து நகர்த்திக் கட்டுப் போட்டிருக்கிறாள். அவரைத் தூக்க அவளால் முடியாது. கூடாரத்தில் ஒருவருக்கான காற்றுதான் ஓடுகிறது. மூன்றாம் பெட்டியின் காற்று இன்னும் அந்த அடைபட்ட குழாய்க்குத்தான் போகிறது. உடையின் தொட்டியைக் கூடாரத்தில் நிரப்பிக்கொண்டு வண்டியில் கிளம்பிவிட்டாள்.

கிளம்பும்போது: "அக்கா, இது என் வரியாலதான, இல்லையா? காலியா இருந்தா ஆளே இல்லன்னு எடுத்துக்கிருச்சு. நீங்க அப்பவே எழுதுனீங்களாம். ஹமீது சார் எங்கிட்டச் சொன்னாரு. நாந்தான் உங்ககிட்ட வந்து கேட்ருக்கணும்."

நான் எதிர்பார்த்த நாள் இது. இந்த வார்த்தைகளை அவள் வாயால் கேட்க வேண்டும் என்று படுக்கையில் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். கேட்டுவிட்டேன். ஒன்றும் இனிக்கவில்லை. இரண்டாம் பெட்டி, 80.

நாள் 614. பகல் 12:45.

தரையிலிருந்து ஹமீது: "பழைய வரிகளத் திரும்பப் போட அனுமதி கேட்டிருக்கீங்க. குழு பாத்துட்டு இருக்கு, சோதனை இல்லாம மாத்த முடியாதுங்கறாங்க. அதுவரைக்கும் கையால போடுங்க மேடம். நீலவேணி நல்லா இருக்காங்களா? எல்லாரும் கவலப்படறாங்க."

அவள் மாற்றிய வரியையும் சோதித்துத்தான் போட்டார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை, நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா என்று.

இரண்டாம் பெட்டி, 80.

நாள் 614. பிற்பகல் 14:25.

நீலவேணி வந்துவிட்டாள். வலது கையில் மூன்று விரல்கள் நுனியில் கறுத்துவிட்டன. மருந்து போட்டுக் கட்டினேன். எட்வினின் குரல் தளர்ந்துகொண்டே வருகிறது. கட்டையும் மீறி ரத்தம் கசிகிறதாம். அவரைத் தூக்கிக் கொண்டுவர நான்தான் போக வேண்டும். அவள் இடது கையால் எண் போடுவாள்.

முகாமை நெருங்கினால், அங்கே ஆண்டெனா சாய்ந்திருப்பதால், என் வில்லையின் செய்தியும் இங்கே வராது. என் பெட்டியும் காலியாகும். கூடாரத்தின் ஏர்லாக், அதாவது இரண்டு கதவுகளுக்கு நடுவே உள்ள சிற்றறை, தனக்குள் ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால்தான் காற்று நிரப்பும். நிரப்பினால்தான் உள்கதவு திறக்கும். நான் போய்ச் சேரும்போது என் உடையில் முக்கால் மணிக் காற்றுதான் மிஞ்சும், திரும்பி வரப் போதாது.

ஆக ஒன்றாம் பெட்டிக்கும் அவளே எண் போட வேண்டும்.

வெளிக்கதவருகே நின்றேன். தலைக்கவசத்தில் அவள் குரல்: "அக்கா, பதிவப் பாத்துக்கிட்டு இருக்கேன். எட்வின் அண்ணனுக்கு நம்பர் போட்டதுக்கும் எனக்குப் போட்டதுக்கும் நடுவுல இருபத்தாறு செகண்டு இருக்கு."

"விரல் தவறிடுச்சு" என்றேன்.

வெளிக்கதவின் பிடியைத் திருப்பினேன்.

"சரிக்கா. பாத்துப் போங்க."

நாள் 614. மாலை 16:30. குரல் பதிவு, வண்டியிலிருந்து.

பாதி வழிக்கு மேல் வந்தாயிற்று. பனியில் அவள் வந்த சக்கரத் தடம். அதன் மேலேயே ஓட்டுகிறேன். ஓரிடத்தில்கூடத் தடம் தடுமாறவில்லை. கறுத்த விரல்களோடு ஓட்டி வந்தவள்.

அவளுக்குத் தெரியும். அந்தக் குரலில் தெரிந்தது. நானாக இருந்தால் என்ன செய்வேன் என்று யோசிக்கிறேன். யோசிக்கத் தேவையில்லை. நான் என்ன செய்வேன் என்பது இயந்திரத்தில் பதிவாகியிருக்கிறது.

அவளுக்கு எதிராக என்னிடம் இருந்த காரணத்தைவிட எனக்கு எதிராக அவளிடம் இருக்கும் காரணம் பெரிது.

நாள் 614. மாலை 17:12. குரல் பதிவு, முகாம்.

கூடாரத்தின் வாசல். உடையில் இருபது நிமிடக் காற்று. புதிதாகச் சரிந்து கிடந்த பனிமேட்டைச் சுற்றி வந்ததில் தாமதம். ஸ்ட்ரெச்சரை இறக்கிவிட்டேன். ஏர்லாக்கின் இரும்புக்குள் போனால் வானொலி அறுந்துவிடும். அதற்கு முன் அவளிடம் சொன்னேன்: "உள்ள போறேன். எனக்கு எண் போடு."

"போடுறேன்கா."

அதில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கோபம் இருக்கிறதா என்று தேடினேன். தூக்கம்தான் இருந்தது.

உள்ளே வந்துவிட்டேன். வெளிக்கதவை இழுக்கிறேன். இனி அவள் குரலும் இல்லை. இதைக் கண்டெடுப்பவரே, இதன் பிறகு பதிவு இல்லையென்றால், அவள் மேல் குற்றம் சொல்லாதீர்கள். இல்லை. சொல்லுங்கள். எனக்குத் தெரியவில்லை. கதவு

நாள் 614. மாலை 17:20. குரல் பதிவு, கூடாரத்துக்குள்.

கதவு முழுதாகப் பூட்டும் முன்பே காற்று வந்துவிட்டது. நான் விநாடிகளை எண்ணத் தொடங்கக்கூட இல்லை.

எட்வின் உயிரோடு இருக்கிறார். புதிய கட்டு போட்டேன். ரத்தம் நின்றிருக்கிறது. கண் திறந்து பார்த்தார். அவரிடமிருந்த கைவானொலி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. அதில் நீலவேணியைத்தான் கூப்பிட்டார்: "நீலா, தமயந்தி வந்துட்டா. உன் கை எப்படி இருக்கு மக்கா?" எதிரில் நான் நிற்கிறேன்.

உள்சுவரில் ஒரு சிறிய திரை. தளத்திலிருந்து வரும் கட்டளைகள் அதில் வரிசையாக இருக்கும். மேலே தள்ளிப் பார்த்தேன். ஒன்றாம் பெட்டி, 72. ஒன்றாம் பெட்டி, 72. ஒன்றாம் பெட்டி, 72. நான் தளத்தை விட்டுக் கிளம்பிய நேரத்திலிருந்து. அப்போது என் வில்லை நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. எண் தேவையே இல்லை. தேவைப்பட்ட பிறகும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போதும். அவள் நிமிடத்துக்கு ஒரு தடவை அடித்திருக்கிறாள். இடையில் எட்வினுக்கு. மறுபடி எனக்கு. இடது கையால். எங்கேயாவது ஓர் இடைவெளி இருக்குமா என்று கீழிருந்து மேல்வரை தேடினேன். ஒரு நிமிடம்கூட விடவில்லை.

என்ன செய்தேன் என்று தெரிந்த பிறகும்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். நன்றி வந்திருக்க வேண்டும். எட்வின் இருக்கிறார், ஸ்ட்ரெச்சர் இருக்கிறது, தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கிறது, இன்னும் சற்று நேரத்தில் கிளம்ப வேண்டும். நான் இந்தத் திரை முன்னால் நிற்கிறேன். நெஞ்சுக்குள் பழைய இடத்திலேயே எரிகிறது, முன்னைவிட மோசமாக. நல்ல வரி எழுதத் தெரிந்தவள். டைட்டனுக்குப் போகிறவள். இதுவும் அவளிடம் இருக்கிறது. இதை நான் எங்கே போய்ப் படிப்பேன்.

திரையில் இன்னொரு எண் விழுகிறது. 72.

அவளை வெறுத்துக்கொண்டே அந்தக் காற்றை இழுக்கிறேன்.

72.